காபிப் பழச் சிவப்பில் ஒரு கிட்டார்

“பொண்ணுங்களுக்கு இது கனமுங்க,” என்றார் சேலத்துக் கடைக்காரர். “அந்தச் சின்னத எடுத்துக்கங்க. பூப்போட்டது. பார்வைக்கும் அம்சமா இருக்கும்.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யாரும் கைகொடுக்காமலே காபி மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறவள் என் அம்மா. அவள் வயிற்றில் பிறந்த எனக்கு மூன்று கிலோ சொச்சம் மரம் கனமாம்.

“கனத்த நான் பாத்துக்கறேனுங்க,” என்றேன். “நீங்க அந்தச் செவப்பக் கீழ எறக்குங்க.”

அவர் இறக்கினார். நன்றாகப் பழுத்த காபிப் பழத்தின் சிவப்பு. உடம்பின் இரண்டு பக்கமும் எஃப் எழுத்து மாதிரி வளைந்த இரண்டு துளைகள். இந்த வகைக் கிட்டாருக்கு நடுவில் கெட்டியாக ஒரு மரக்கட்டை ஓடும். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் கூடு. பாதி கட்டை, பாதி கூடு. ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினால் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். ப்ளூஸ், ஜாஸ் என்கிற அமெரிக்கச் சங்கீதத்துக்கு அந்தக் குரல்தான் வேண்டும்.

சொருகாவிட்டாலும் வாசிக்கிறவர் காதுக்கு மட்டும் கேட்கும். எனக்கு அது அதைவிட முக்கியம். ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு அந்தப் பக்கம், ஒரு காபி எஸ்டேட்டின் லைன் வீட்டில் நாங்கள் இருந்தோம். ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிற வரிசை. ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் பக்கத்து வீட்டில் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். அங்கே உட்கார்ந்து ஸ்பீக்கரில் பழகினால் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வரைக்கும் புகார் போய்விடும். முழுக்கட்டையில் செய்த கிட்டார் என்றால் ஸ்பீக்கர் இல்லாமல் கொசு மாதிரி முனகும். முழுக்கூடு என்றால் ஸ்பீக்கர் பக்கத்தில் போனாலே ஊளையிடும், விலையும் எட்டாது. பாதிக் கூடுதான் எனக்கென்று செய்தது. இதை ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டின் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, ஆள் வராத மதியங்களில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே முடிவு செய்தேன்.

ப்ளூஸும் அந்த ரிசார்ட்டில்தான் என் காதில் விழுந்தது. சாப்பாட்டு ஹாலில் விருந்தாளிகளுக்காக மேனேஜர் மெதுவாக ஏதாவது இங்கிலீஷ் பாட்டு ஓடவிடுவார். தட்டு எடுக்கிற பையன்கள் அதற்குத் தூக்க மாத்திரை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் சும்மா கவனித்தேன். பாடுகிறவன் ஒரு வரி சொன்னான். அதே வரியை மறுபடியும் சொன்னான். மூன்றாவது வரியில் கத்தியைச் சொருகினான். அட, இது எங்கள் அம்மா திட்டுவதல்லவா!

சத்தியமாகச் சொல்கிறேன். அம்மா என்னைத் திட்டுவது எப்போதும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். “பஸ்ஸ உட்டுட்டியா? ஏண்டி, பஸ்ஸ உட்டுட்டியா? காலுக்கு என்ன, கல்யாணத்துக்குப் போற மாதிரி மருதாணி வெச்சிருக்கா?” காபி பறிக்கிற இடத்தில் அவள் குரலெடுத்தால் பத்துச் செடி தள்ளி நிற்கிறவளும் மூன்றாவது வரிக்காகக் காத்திருப்பாள். இருபத்திரண்டு வருஷம் அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு ப்ளூஸ் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விரல்தான் பழக வேண்டும்.

கூடப் படித்தவள் வேண்டாமென்று ஸ்பீக்கர் பெட்டியோடு கொடுத்த ஒரு பழைய கிட்டாரில் பழகிக்கொண்டிருந்தேன். அதன் கம்பி கழுத்தைவிட்டு அவ்வளவு உயரத்தில் நின்றது, துணிகூடக் காயப்போடலாம். கம்பியை வளைத்து அழவைத்தால்தான் ப்ளூஸ். அதை வளைக்கப் போனால் நான்தான் அழுதேன்.

அதனால் கடையில் நான் அவசரப்படவில்லை. ஒரு கண்ணை மூடிக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். சாவிகளை முறுக்கிவிட்டுச் சுருதி நிற்கிறதா என்று பார்த்தேன். கழுத்துக்குக் குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஃப்ரெட் பட்டையிலும் விரல் வைத்து, ஒவ்வொரு கம்பியையும் தட்டினேன். எங்கும் ஒரு உதறல் இல்லை, இரைச்சல் இல்லை. பெரிய பெயர் போட்ட கிட்டாரெல்லாம் எஸ்டேட் ஓனர்கள் வாங்குகிற விலை. இது பெயர் தெரியாத கம்பெனி. தலைப்பக்கம் எழுதியிருந்ததைக் கடைக்காரருக்கே சரியாகப் படிக்க வரவில்லை. பேர் என்னவாக இருந்தால் எனக்கென்ன? என் சம்பளத்துக்கு எட்டியது, என் காதுக்கும் ஒத்துவந்தது.

“மனசுக்குப் புடிக்கலீன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க, திருப்பி எடுத்துக்கறேன்,” என்றார் அவர். நான் எப்படியும் திரும்ப வந்து நிற்பேன் என்கிற முகத்தோடு சொன்னார். “வரமாட்டேனுங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடிவாரம் தாண்டி மலை ஏறும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் என் மடியிலிருந்த பையைத் தட்டிப் பார்த்தார். “பாட்டு கிளாஸா கண்ணு? கோயில்லயா, சர்ச்சுலயா?”

“ரெண்டுலயும் இல்லீங்க. எங்க ஊட்ல.”

“ஊட்லயா!” என்று அவர் வாயைப் பிளந்தார். பிறகு ஏற்காடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

வீட்டில் அண்ணன் ஆடித் தீர்த்துவிட்டான். அண்ணன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். அப்பா போன பிறகு வீட்டுக்கு ஆண்பிள்ளை என்று தானே பட்டம் கட்டிக்கொண்டவன். “பொண்ணு பாக்க வர்ற நேரத்துல பொட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறா பாரு. ஒரு செயின் எடுத்திருந்தா கழுத்துல கெடக்கும். இத எங்க மாட்டறது?”

“தோள்ல,” என்றேன்.

“ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு பில்லுலயே போட்டிருக்கான். ஒழுங்கு மரியாதையாத் திருப்பிடு.”

“முடியாது.”

அம்மா அடுப்படியில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திட்டுவாள், மூன்று வரியும் வரும் என்று காத்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அவள் திட்டினால் பதில் சொல்லிக்கொள்ளலாம். பேசாமலே இருக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது?

இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் வீட்டுக்குள் வெறும் பொருள் நுழையக்கூடாது. புதுக் குடம் வாங்கினால் அதில் ஒரு பிடி நெல்லும் ஒரு துண்டு மஞ்சளும் போட்டுத்தான் அம்மா நிலையைத் தாண்டவிடுவாள். தூக்குவாளிக்கு, டிரங்குப் பெட்டிக்கு, பீரோவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் மரியாதை. அண்ணன் அந்தப் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தபோது முன்னால் இருக்கிற டப்பாவைத் திறந்து அதிலும் நெல்லும் மஞ்சளும் போட்டாள். இன்றைக்கும் அந்த ஜீப்பில் பேப்பர் தேடினால் கையில் நெல் ஒட்டும். ஓட்டைக் குடத்துக்கு உண்டு. ஒழுகுகிற ஜீப்புக்கு உண்டு. என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கிட்டார் வாசற்படி தாண்டும்போது அவள் ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், எனக்கும் ரோஷம் உண்டு என்று பையோடு ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை டூட்டிக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்து மடியில் வைத்தேன். தடித்த கம்பியைத் தட்டினேன். ‘ஜ்ர்ர்ர்’ என்றது.

மறுபடி தட்டினேன். ஜ்ர்ர்ர். மேலே ஏறினால் சரியாக இருந்தது. கீழ்ச்சுருதிக்கு வந்தால் வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. சாய்த்தால் உள்ளே ஏதோ கட்டையாக உருண்டது. கடையில் எல்லா ஃப்ரெட்டையும் பார்த்தேனே! ஒரே ராத்திரியில் உள்ளே எது கழன்றது? டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம்தான். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. பெயர் தெரியாத கம்பெனிக்காரன் ஒட்டுப்போட்டு ஏமாற்றிவிட்டான் என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

“அதென்ன சத்தம், கரகரன்னு?” என்றான் அண்ணன்.

“ஜாஸ் அப்படித்தான் இருக்கும்.”

“அப்படியா?”

“அப்படித்தான். உனக்கென்ன தெரியும்?”

வேறு என்ன சொல்வது? கெட்டுப்போனதை வாங்கி வந்திருக்கிறேன் என்று அவனிடம் ஒப்புக்கொண்டால் அன்றோடு கதை முடிந்தது. அம்மாவிடம் கேட்கலாமென்றால் அவள்தான் வாயைத் தைத்துக்கொண்டிருக்கிறாளே. அந்த வாரம் முழுக்க மேல்சுருதியிலேயே வாசித்தேன். கீழே இறங்கவே பயந்தேன். ப்ளூஸில் கீழே இறங்காமல் வாசிப்பது, மூன்றாவது வரி இல்லாமல் திட்டுகிற மாதிரி.

கெடு முடிகிற நாள் எனக்கு லீவு. கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கிட்டாரோடு சேலத்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அது உள்ளே உருண்டது. ஒவ்வொரு உருளலுக்கும் கடைக்காரரைக் கேட்க ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கேட்டேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. “மலைக்காரங்கதானே, வாங்கிட்டுப் போனா திரும்ப வரமாட்டாங்கன்னு நெனச்சீங்களா? உள்ள ஏதோ கழண்டு உருளுது. எனக்கு இதே மாதிரி வேற பீஸ் குடுங்க.”

அவர் பாவம், பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “வேற பீஸ் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. இனி வருமான்னும் தெரியல. பணத்தத் திருப்பி வாங்கிக்கறீங்களா?”

பணமாகக் கையில் வந்தால் அது என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஜீப்புக்கு டயராகும், இல்லாவிட்டால் என் கழுத்துக்குச் செயினாகும். மறுபடி ஒரு கிட்டாராக மட்டும் ஆகாது. திருப்பிக் கொடுத்தால் அண்ணன் சொன்னது நடந்தது. கொடுக்காவிட்டால் காலம் பூரா மேல்சுருதி. கத்தி முடித்த களைப்பில் அங்கேயே நின்றேன்.

“இருங்க, எதுக்கும் பாத்துடுவோம்,” என்று அவர் கிட்டாரை வாங்கினார். கவிழ்த்துப் பிடித்து, துளை கீழே வரும்படி சாய்த்து, பிள்ளைக்குப் புரையேறினால் முதுகில் தட்டுகிற மாதிரி பின்பக்கம் தட்டினார்.

கண்ணாடி மேஜையில் பொலபொலவென்று நெல் கொட்டியது. ஒரு பிடி இருக்காது, கால் பிடி. கடைசியில் விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு மஞ்சள் துளையில் சிக்கி நின்று, பிறகு ‘டக்’கென்று விழுந்தது.

கடைக்காரர் நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏனுங்க,” என்றார், “இதுக்குச் சீர் செஞ்சிருக்கீங்களா?”

அழுகை வந்துவிட்டது. அவள் போட்டிருக்கிறாள். நான் டூட்டிக்குப் போன பிறகு, அண்ணனும் போன பிறகு, ஆணியிலிருந்து இறக்கி, பையைத் திறந்து, அந்த வளைந்த துளை வழியாக ஒவ்வொரு நெல்லாக உள்ளே விட்டிருக்கிறாள். குடத்துக்குப் போட்டதை, ஜீப்புக்குப் போட்டதை, இதற்கும் போட்டிருக்கிறாள். ஒரு வாரமாக நான் அதைக் கம்பெனிக்காரனின் மோசடி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கடைக்காரர் முன்னால் அழுவேனா? “எங்க ஊர்ல புதுசுக்குப் போடுவோமுங்க,” என்றேன், ஏதோ அவர்தான் தப்பு செய்த மாதிரி. “உங்க ஊர்ல போடமாட்டீங்களா?”

“போடுவோமுங்க,” என்றார் அவர். “குடத்துல.”

அதற்கு நானே சிரித்துவிட்டேன். கடையே சிரித்தது. மஞ்சளையும் நெல்லையும் ஒன்று விடாமல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அவர் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, கம்பியை மீட்டினார். உதறல் போய்விட்டது. “ஒரு நெல்லு நடுக்கட்டைகிட்ட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. என்னைக்காச்சும் லேசா இரையும். பரவாயில்லீங்களா? பணம் வேணும்னாலும்…”

“யாரு பணம் கேட்டா?” என்று கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் எனக்கு டீ சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையை அம்மாவுக்கு முன்னால் அவிழ்த்துவைத்தேன். அவள் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

“எதுக்குக் கண்ணு எடுத்துட்டே? எடுக்கக் கூடாது.”

“அதுக்குள்ள போட்டா சத்தம் கெட்டுப்போயிரும்மா. அது பாத்திரம் இல்ல.”

“உள்ள வெறுங்கூடாத்தானே இருக்குது? மேல ஓட்டை வேற உட்டு வெச்சிருக்கான். அது போடறதுக்குத்தான்னு நெனச்சேன்.” கொஞ்ச நேரம் மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கெடுத்துப்போட்டனா சாமி?”

“கெடல. நல்லாத்தான் இருக்குது. போடறவ எங்கிட்டச் சொல்லிட்டுப் போடறதுக்கென்ன?”

“அண்ணன் கண்ணு முன்னாடி எப்படிப் போடறது? நீ வாங்குனது சரின்னு சொன்ன மாதிரி ஆயிராது?”

“சரின்னு சொல்லித் தொலைக்கிறதுதானே!”

அம்மா எழுந்துபோய் கிட்டார்ப் பையின் முன்பக்கம் இருந்த ஜிப்பைத் திறந்து, நெல்லையும் மஞ்சளையும் அதில் போட்டு மூடினாள். “இங்க போட்டா கேக்காதில்ல?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தை மாதம் பெண் பார்க்க வந்தார்கள். கீழே சமவெளியில் சொந்தமாக அரிசிக்கடை வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசினார். சுவரில் தொங்கிய பையைக் காட்டி, “இது யாரு வாசிக்கறது?” என்றார்.

“நானுங்க.”

“ஓ.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “சின்ன வயசு, ஆசையா இருக்கும். கல்யாணத்துக்கப்பறம் இதெல்லாம் உட்டுப்போடோணும் கண்ணு. எங்க ஊட்ல நொம்பக் கட்டுசெட்டு. இத இங்கயே வெச்சுட்டு வந்துரு.”

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் அதற்குள் என் காலை மிதித்து, “வெச்சுட்டு வந்துருவாளுங்க. அதுல என்ன இருக்குது?” என்றான். அம்மா காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“வெச்சுட்டு வரோணுமுங்களா?” என்றாள்.

அந்த அம்மாள் தலையாட்டினார்.

“ஏனுங்க, வெச்சுட்டு வரோணுமுங்களா?”

எனக்கு முதுகில் புல்லரித்தது. அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது, “ம்மா,” என்று மெதுவாகச் சொன்னான். அவன் சொல்வதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது.

“நெல்லும் மஞ்சளும் போட்டு ஊட்டுக்குள்ள கூட்டியாந்த பொருளுங்க அது. அதுக்கு எடமில்லாத ஊட்ல எம்புள்ளைக்கு மட்டும் எங்கீங்க எடம் இருக்கப்போவுது?”

அவர்கள் பாதிக் காபியில் எழுந்து போனார்கள். ஜீப்பில் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்த அண்ணன் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று கத்தினான். ஊர் சிரிக்கும் என்றான். இனி ஒருத்தனும் இந்தப் படி ஏறமாட்டான் என்றான். அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் பையை இறக்கி, கிட்டாரை எடுத்து, அதுவரை லைன் வீட்டில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். ஸ்பீக்கர் பெட்டியில் சொருகி முழுச் சத்தமும் திருகிவிட்டேன். ரைட்டர் வந்தால் வரட்டும். அம்மா சொன்னதை வார்த்தை இல்லாமல் வாசித்தேன்: முதல் வரி, அதே வரி மறுபடியும், பிறகு மூன்றாவது. மூன்றாவது வரி கீழ்ச்சுருதிக்கு இறங்கும்போது உள்ளே மிச்சமிருந்த அந்த ஒற்றை நெல் இரைந்தது.

“அதென்ன இன்னும் கரகரங்குது?” என்றான் அண்ணன் வாசலிலிருந்து.

“அது அப்படித்தான்டா இருக்கும்,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. “உனக்கென்ன தெரியும்?”